சங்கத்துக்கு அரசாங்கக் காசு எந்தக் கதவால் வரும்?

கேள்வி:

ஐயா, நிலாவெளிக்கு அப்பால் ஒரு கரையோரக் கிராமத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். தரம் 9, 10 படிக்கிற பெடியன்கள் மாவா என்ற போதைப் பாக்கில் தொடங்கி இப்போது போதைக் குளிசை, ஐஸ் (மெத்தம்பெட்டமின்) என்று போய்விட்டார்கள். ஆண்கள் கசிப்புக் குடித்துவிட்டு வந்து வீட்டில் அடிக்கிற அடியும் கூடிவிட்டது. பெண்கள் நாங்கள் சேர்ந்து ஏதாவது செய்ய நினைக்கிறோம். இதற்கென்று அரசாங்கத்திடம் காசு இருக்கிறது என்கிறார்கள். 15 லட்சம் ரூபாய்க்கு ஒரு முன்மொழிவு எழுதி மூன்று அலுவலகங்களுக்கு அனுப்பினோம். ஓரிடத்திலிருந்தும் பதில் இல்லை. ஓர் அலுவலகத்தில் மட்டும், போதைக்கு அடிமையான பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கொண்டுவாருங்கள், பிறகு பார்ப்போம் என்றார்கள். இதற்கிடையில் சாராயக் கடை முதலாளி ஒருவர் விளையாட்டுப் போட்டி வையுங்கள், செலவை நான் தருகிறேன் என்கிறார். நாங்கள் அரச சார்பற்ற நிறுவனமாகப் பதிய வேண்டுமா? யாரிடம், எப்படிக் கேட்பது?

– ஒரு செயலாளர், குச்சவெளிப் பிரதேசம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த முன்மொழிவையும் முழுதாக வாசித்தேன். காசைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் பெயர்ப் பட்டியல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதுதான் அவசரம். பட்டியலைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் கிழித்துவிடுங்கள்.

அந்த உத்தியோகத்தர் கெட்ட எண்ணத்தோடு கேட்டார் என்று நான் சொல்லவில்லை. கோப்பில் ஏதாவது ஆதாரம் இருக்க வேண்டுமென்று நினைத்திருப்பார். ஆனால் ஒரு கடதாசி ஓர் அலுவலகத்துக்குள் போனால் அது ஒரு மேசையோடு நிற்பதில்லை. பிரதி எடுப்பார்கள், கூட்டத்தில் வாசிப்பார்கள், பாடசாலைக்குப் போகும், பொலிசுக்குப் போகும். ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். பதினைந்து வயதுப் பிள்ளையின் பெயர் அதில் இருந்தது என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையின் தாய் உங்கள் கூட்டத்துக்கு வரமாட்டார். யாருக்காக இதைத் தொடங்கினீர்களோ அவர்கள்தான் முதலில் விலகிப் போவார்கள். ஐஸ் விஷயத்தில் சட்டமும் கடுமை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 5 கிராமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் ஆயுள் தண்டனை, மரண தண்டனை வரை போகலாம். அப்படிப்பட்ட ஒன்றோடு ஒரு பிள்ளையின் பெயரைச் சேர்த்து எழுதிக் கொடுக்கும் உரிமை எந்தச் சங்கத்துக்கும் இல்லை.

கேட்டவருக்கு எண்ணிக்கையைக் கொடுங்கள். கிராம அலுவலர் பிரிவில் 13 வயது முதல் 17 வயது வரை எத்தனை பிள்ளைகள், கடந்த இரண்டு தவணையில் பாடசாலைக்குப் போகாமல் நின்றவர்கள் எத்தனை பேர், மாவா விற்கிற கடைகள் எத்தனை, பாடசாலையிலிருந்து அவை எவ்வளவு தூரம். திட்டம் எழுத இவ்வளவும் போதும். ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே சிகிச்சை வேண்டுமென்றால், தாய் தகப்பனோடு பேசி, பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ நேரில் கூட்டிக்கொண்டு போங்கள். வெளியில் சொல்ல வெட்கப்படுகிற குடும்பம் 1927 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் அது.

சரி, இப்போது காசு.

உங்கள் முன்மொழிவு மோசம் என்பதால் பதில் வராமல் போகவில்லை. 15 லட்சத்தை ஒரு சங்கத்தின் கையில் மொத்தமாகக் கொடுக்கும் வழி, நீங்கள் எழுதிய மூன்று அலுவலகங்களிலும் கிடையாது. யுத்தக் காலத்திலும் சுனாமிக்குப் பிறகும் நம் மாவட்டத்தில் அரச சார்பற்ற நிறுவனங்கள் நிறைய வேலை செய்தன. முன்மொழிவு எழுது, நேர்முகத்துக்குப் போ, காசு கணக்கில் விழும் என்ற நடைமுறை அவர்களோடு ஊருக்குள் வந்தது. அரசாங்கம் அப்படி இயங்குவதில்லை. அரசாங்கக் காசு ஓர் உத்தியோகத்தரின் வருடாந்தத் திட்டத்தில் ஒரு வரியாக இருக்கிறது. ‘பெற்றோர் செயலமர்வு – 2’, ‘பாடசாலை விழிப்புணர்வு – 4’ என்று எழுதி, அதற்கு எதிரே ஒரு தொகை போட்டிருக்கும். அந்தத் தொகையை அவர்தான் செலவழிக்க வேண்டும். வவுச்சர் அவர் போடுவார், கணக்காளர் பார்ப்பார், முன்னேற்ற அறிக்கையிலும் அவர் பெயர்தான் வரும். உங்கள் கைக்குக் காசு வராது. பயிற்சி நடத்தும் வளவாளர் வருவார், அவருடைய கொடுப்பனவை அலுவலகம் கட்டும், சிற்றுண்டிச் செலவு வரும், பயிற்சிப் புத்தகம் வரும், பந்தும் வலையும் வரும்.

இதைக் கேட்டதும் மனம் சோரும் என்று தெரியும். நான் பல வருடம் பிரதேச செயலகங்களின் திட்டமிடல் கிளைகளில் வேலை பார்த்தவன். என் மேசைக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உங்களுடையதைப் போலத்தான் இருந்தன. நல்ல மனம், பெரிய தொகை, கொடுக்க வழியில்லாத இடத்துக்கு விலாசமிட்ட கடிதம். அதே நேரத்தில் பக்கத்து மேசையில் ஓர் உத்தியோகத்தர், தன் இரண்டு செயலமர்வை எந்த ஊரில் வைப்பது, ஆட்களை யார் சேர்த்துத் தருவார் என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பார். அவர்களை நீங்கள் தேடிப் போக வேண்டும். உங்கள் 15 லட்சத்தையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் யாருடைய வரிக்குள் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். நான் சொல்ல வருவது முழுக்க இவ்வளவுதான். மற்றதெல்லாம் எந்தத் துண்டு எங்கே என்ற விபரம்.

பிரதேச செயலகத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே ஒரே கூரையின் கீழ் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், இளைஞர் சேவை உத்தியோகத்தர், விளையாட்டு உத்தியோகத்தர் என்று பலர் இருக்கிறார்கள். இவர்களில் சிலர் மத்திய அரசின் அமைச்சுகளின் கீழ், சிலர் மாகாணத்தின் கீழ். ஒருவரிடம் என்ன ஒதுக்கீடு இருக்கிறது என்பது அடுத்தவருக்குத் தெரியாமலே இருக்கும். உங்கள் திட்டத்தில் பெற்றோருக்கான சந்திப்புகள் சிறுவர் உரிமை உத்தியோகத்தருக்குப் பொருந்தும். அடிவாங்குகிற பெண்களுக்கான பகுதி பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தருக்கும் பொருந்தும். மாலை நேர விளையாட்டு இளைஞர் சேவை, விளையாட்டு உத்தியோகத்தர்களுக்குப் போகும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சந்தித்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “அடுத்த வருடத் திட்டத்தில் உங்களுக்கு என்ன நிகழ்ச்சிகள் வரப்போகின்றன, அதில் ஒன்றை எங்கள் ஊரில் வைக்கலாமா?”

அரசாங்கத்தின் வறுமை ஒழிப்புத் திட்டமான சமுர்த்தியின் உத்தியோகத்தர்களை மறந்துவிடாதீர்கள். மே 31 புகையிலை எதிர்ப்புத் தினத்தை ஒட்டி அவர்கள் கொடி விற்பார்கள். பாடசாலைப் பிள்ளைகளின் சட்டையில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விற்பனை போதைத் தடுப்பு வேலைக்காகத்தான். உங்கள் ஊரில் கொடி விற்றுத் தந்த பெண்கள் உங்கள் சங்கத்திலேயே இருப்பார்கள். அந்தக் காசிலிருந்து எங்கள் பிரிவுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அந்தப் பெண்களே கேட்பது முறை.

குறைந்த செலவில் கூடிய பலன் தரும் கதவு சுகாதாரப் பணிமனை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டோ மதுசாரமோ விற்பது குற்றம். அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் பொலிசுக்கும் மதுவரி அதிகாரிகளுக்கும் மட்டுமல்ல, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் உண்டு. பாடசாலைக்குப் பக்கத்துக் கடைகளை மாதம் ஒரு முறை பார்க்கும்படி உங்கள் சங்கம் சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுதினால் ஒரு ரூபாயும் தேவையில்லை. முறைப்பாட்டுக்கு 1948 என்ற இலக்கமும் இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாகப் போகிறவர். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இராது. அவரைக் கேட்காமல் கூட்டத்துக்கு நேரம்கூடக் குறிக்காதீர்கள்.

பிரதேச சபையை ஏன் உங்கள் முன்மொழிவில் காணவில்லை? 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்து, தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் மறுபடி சபைகளில் இருக்கிறார்கள். பெடியன்கள் இருட்டில் கூடுகிற இடம் என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த மைதானத்துக்கு விளக்குப் போடுவது, பூட்டிக் கிடக்கும் வாசிகசாலையை மாலையில் திறப்பது, இவையெல்லாம் சபையின் வேலை. அடுத்த வருட வரவு செலவுத்திட்டத்தைச் சபை வருட இறுதிக்குள் நிறைவேற்றியாக வேண்டும். அதற்கு முன்பே உங்கள் வட்டார உறுப்பினரின் கையில் கடிதம் இருக்கட்டும். விளக்குப் போட்ட மைதானம் பத்துக் கருத்தரங்கை விட மேல் என்பது என் அபிப்பிராயம்.

மாகாண மட்டம் உங்களுக்குக் கிட்ட. கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் திருகோணமலையில்தான். 2017க்குப் பிறகு தெரிவு செய்யப்பட்ட மாகாண சபை இல்லை, ஆளுநரின் கீழ்தான் நிர்வாகம் நடக்கிறது. என்றாலும் கிராம அபிவிருத்தி, சமூக சேவைகள், நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களங்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. நன்னடத்தைத் திணைக்களத்தோடு தொடர்புள்ள சிறுவர் கழகம் உங்கள் ஊரில் பெயரளவில் இருந்தால் அதை உயிர்ப்பியுங்கள். புதிதாக ஒன்றைத் தொடங்குவதை விட அது இலகு.

மத்திய அரசைப் பொறுத்தவரை அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைதான் முக்கியம். 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அதன் கீழிருக்கும் தடுப்பு உத்தியோகத்தர்கள் மாவட்ட மட்டத்தில் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் காசை விடப் பயிற்சி பெற்ற வளவாளரைக் கேளுங்கள். தமிழில் பேசக்கூடியவரை வேண்டுமென்று கடிதத்திலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரை நீங்கள்தான் தேட வேண்டிவரும். 2025 ஒக்டோபரில் ‘முழு நாடுமே ஒன்றாக’ என்ற போதைப்பொருள் ஒழிப்புத் தேசிய நடவடிக்கையை அரசாங்கம் தொடங்கியது. அதன் பிறகு மாவட்டத்திலும் பிரதேசத்திலும் கூட்டங்கள் அடிக்கடி நடக்கின்றன. பிரதேச மட்டக் கூட்டத்தில் உங்கள் சங்கத்துக்கு ஓர் இடம் தரும்படி பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஊர்வலமும் சுவரொட்டியும் வேண்டாம், கிழமைக்கு ஒரு நாள் நடக்கிற வேலை வேண்டும் என்று அங்கே ஒரு பெண் எழும்பிச் சொன்னால் கூட்டறிக்கையில் பதிவாகும். பதிவானதற்குப் பதில் எழுத வேண்டிய கடமை அலுவலகத்துக்கு வரும்.

காலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் வழுக்கி விழுகிற இடம் இது. அரசாங்க வருடம் ஜனவரி தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அடுத்த வருடத்துக்கான திட்டங்களை உத்தியோகத்தர்கள் நடு வருடம் தாண்டியதும் எழுதத் தொடங்குவார்கள். நீங்கள் நவம்பரில் கொண்டுபோகும் யோசனைக்கு அந்த வருடமும் காசு இல்லை, வரும் வருடத் திட்டமும் மேலே போயிருக்கும். ஆகவே ஜூலை, ஓகஸ்டில் போங்கள். ஒதுக்கீடு இருந்தாலும், செலவுக்கென்று அலுவலகத்துக்கு அனுப்பும் இம்பிரெஸ்ட் காசு கைக்கு வரச் சுணங்கும். முதல் காலாண்டில் எதுவும் அசையாது. பிறகு டிசம்பர் நடுவில் திடீரென்று அழைப்பு வரும்: “அக்கா, வெள்ளிக்கிழமைக்கிடையில் ஒரு புரோகிராம் செய்ய வேணும். அறுபது பேரைச் சேர்த்துத் தருவீங்களா?” வருடம் முடிந்தால் காசு திரும்பிப் போய்விடும் என்ற பதற்றம் அவருக்கு.

அந்த அழைப்புக்கு ஆயத்தமாக இருங்கள். அறுபது பேரை அவசரத்தில் கூட்டி ஒரு நாள் பேச்சைக் கேட்கவைப்பதில் பலன் இல்லை. ஆனால் உங்கள் பெற்றோர் குழு ஏற்கெனவே கிழமை தோறும் கூடிக்கொண்டிருந்தால், அந்த டிசம்பர் காசில் அடுத்த மூன்று மாதத்துக்கான பயிற்சிப் பொருட்களையும் ஒரு நல்ல வளவாளரையும் கேட்டுவாங்கலாம். நம் கரையில் இதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. டிசம்பர் என்றால் வாடைக் காற்று. கடல் பொங்கி, வள்ளங்கள் கரையில் ஏறியிருக்கும். தொழில் இல்லை, கையில் காசில்லை, ஆண்கள் வீட்டில். குடியும் அடியும் கூடுகிற காலம் அதுதான் என்று உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். தகப்பன்மாரைக் கூட்டத்தில் பிடிக்கக்கூடிய காலமும் அதுதான். கச்சான் காற்றுக் காலத்தில், கடல் சாதுவாக இருந்து இரவெல்லாம் தொழில் நடக்கும்போது, தகப்பன்மாருக்கான கூட்டத்தை வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருந்தாதீர்கள்.

இனி முன்மொழிவுக்கு வருவோம். நீங்கள் எழுதிய முதல் நோக்கம்: “எமது கிராமத்தைப் போதையற்ற முன்மாதிரிக் கிராமமாக மாற்றுதல்.” இதை வாசிக்கிற உத்தியோகத்தர் தலையாட்டிவிட்டுக் கோப்பை மூடுவார். அவர் செய்யக்கூடியது எதுவும் அதில் இல்லை. அதே இடத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்: “தரம் 8, 9 பிள்ளைகளின் பெற்றோர் 20 குடும்பத்துக்கு, சனிக்கிழமை மாலை 4 மணிக்கு, எட்டுச் சந்திப்புகள். இடம்: சங்கக் கட்டடம். சங்கம் தருவது: கட்டடம், கதிரை, ஆட்களைச் சேர்த்தல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இருவர். அலுவலகத்திடம் கேட்பது: வளவாளர் கொடுப்பனவு, தேநீர்ச் செலவு, பயிற்சிப் புத்தகம்.” எட்டையும் ஒருவரிடம் கேட்க வேண்டாம். மூன்று ஒருவரின் வரியில், இரண்டு இன்னொருவரின் வரியில், மிச்சத்துக்குச் சுகாதாரப் பணிமனையின் ஆட்கள். சங்கம் போடும் உழைப்பையும் ரூபாயில் மதிப்பிட்டு எழுதுங்கள். கட்டடத்தின் ஒரு நாள் வாடகை என்ன, கதிரை வாடகை என்ன என்று ஊர் விலையிலேயே போடலாம்.

ஏன் பெற்றோரிடம் தொடங்கச் சொல்கிறேன்? ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றம் தொடர்பான அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தடுப்பு வேலைக்கான சர்வதேசத் தரநிலைகளை வெளியிட்டிருக்கின்றன. 2018இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. எது பலன் தருகிறது, எது தரவில்லை என்று ஆய்வுகளை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பிள்ளை வளர்ப்புத் திறனைப் பெற்றோருக்குப் பழக்குவது, மறுத்துச் சொல்லவும் கோபத்தை அடக்கவும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது, சாராயமும் சிகரெட்டும் இலகுவில் கிடைக்காமல் செய்வது, இவை பலன் தருகின்றன. பயமுறுத்துகிற பேச்சு, துண்டுப் பிரசுரம், முன்பு போதையில் இருந்தவரை மேடையேற்றிக் கதை சொல்லவைப்பது, பொலிஸ் உத்தியோகத்தரை வைத்துப் பாடசாலையில் வகுப்பெடுப்பது, இவற்றால் பலன் கிடைத்ததாகக் காணவில்லை. உங்கள் 15 லட்சத்தில் 6 லட்சம் ஊர்வலத்துக்கும் ரீசேர்ட்டுக்கும் பதாகைக்கும் போயிருக்கிறது. அதை வெட்டிவிடுங்கள். வெட்டியது தெரிந்தால் உங்களை நம்பிக் காசைத் தரத் துணிகிற உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்.

வீட்டு வன்முறையைப் போதையோடு ஒரே பந்தியில் எழுதியிருக்கிறீர்கள். பிரித்து எழுதுங்கள். குடி நின்றால் அடி நின்றுவிடும் என்று ஊரில் சொல்வார்கள். குடிக்காமலே அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், குடித்தும் கைநீட்டாதவர்களும் இருக்கிறார்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு அளவீட்டின்படி, துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒரு முறையாவது துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர். இந்த எண்ணை உங்கள் முன்மொழிவில் தாராளமாகப் போடலாம், அரசாங்கத்தின் சொந்தக் கணக்கு அது.

இந்தப் பகுதியில் சங்கம் செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. அடித்த கணவனையும் அடிபட்ட மனைவியையும் கூட்டத்துக்கு அழைத்துச் சமாதானம் பேசிவிடாதீர்கள். கூட்டத்தில் தலையாட்டிய மனிதர் வீட்டுக்குப் போய், “என்னை ஊருக்கு முன்னால வெட்கப்படுத்தினாய்” என்று இரண்டு மடங்கு அடிப்பார். சங்கத்தின் வேலை, அந்தப் பெண் எங்கே போகலாம் என்று அறிந்து, கூடவே போவது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். 12 மாதம் வரை அது செல்லும். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பணியகம் இருக்கிறது. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் ‘மிதுரு பியச’ என்கிற நட்பு நிலையம் இருக்கிறது, காயத்துக்கு மருந்து கட்டப் போகிற சாட்டிலேயே அங்கே பேசிவிட்டு வரலாம். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. இவற்றை அச்சடித்துச் சுவரில் ஒட்டுவதை விட, சங்கத்தில் மூன்று பேருக்கு மனப்பாடமாக இருப்பது மேல். திட்டத்தில் இதற்குக் கேட்க வேண்டியது அந்த மூன்று பேருக்கான பயிற்சியும், அடிபட்ட பெண்ணோடு நகரத்துக்குப் போய்வரும் பஸ் செலவும்தான். சிறு தொகை. பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

பதிவு விஷயம் சிக்கலில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஏற்கெனவே கிராம அபிவிருத்தித் திணைக்களத்தில் பதிந்த ஒன்று. பிரதேச செயலகத்தோடு வேலை செய்ய அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஆனால் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். வருடாந்தப் பொதுக்கூட்டம் நடந்ததா, கணக்கறிக்கை கொடுத்தீர்களா, வங்கிப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இப்போதைய நிர்வாகிகள்தானா என்று பாருங்கள். பழைய தலைவியின் கையெழுத்து இன்னும் வங்கியில் இருப்பதால் நின்றுபோன வேலைகள் கணக்கில்லை. அரச சார்பற்ற நிறுவனமாகப் பதிவது 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். வெளிநாட்டு உதவி எடுக்கவோ பல பிரதேசங்களில் வேலை செய்யவோ நினைத்தால் அதைப் பற்றி யோசிக்கலாம். இப்போது வேண்டாம்.

வெளிநாடு என்றதும் ஒன்று. அமெரிக்காவின் யுஎஸ்எயிட் நிறுவனம் 2025 ஜூலையோடு வெளிநாட்டு உதவி வேலையை நிறுத்திவிட்டது. அதை நம்பியிருந்த அமைப்புகளின் கதவைத் தட்டிப் பயனில்லை. அவுஸ்திரேலியா, கனடா உயர் ஸ்தானிகராலயங்கள் உள்ளூர் அமைப்புகளுக்குச் சிறு நிதி கொடுக்கின்றன. இரண்டுக்கும் ஒழுங்கான கணக்கறிக்கையும் ஏற்கெனவே செய்து காட்டிய வேலையும் வேண்டும். ஒரு வருடம் பெற்றோர் குழுவை நடத்திய பிறகு அங்கே போனால் பேச உங்களிடம் விஷயம் இருக்கும்.

சாராயக் கடை முதலாளியின் காசு வேண்டாம். மேலே சொன்ன 2006ஆம் ஆண்டுச் சட்டம் மதுசார, புகையிலை வர்த்தகப் பெயர்களை விளம்பரப்படுத்தும் அனுசரணையைத் தடை செய்கிறது. அவர் தன் சொந்தப் பெயரில்தான் தருகிறேன், பதாகை வேண்டாம் என்று சொல்லலாம். அப்போதும் வாங்காதீர்கள். பரிசு கொடுக்க அவர் மேடையேறிய பிறகு, 21 வயதுக்குக் குறைந்தவனுக்கு அவர் கடையில் விற்றதைப் பற்றி உங்கள் சங்கத்தால் வாய் திறக்க முடியாது. மரியாதையாக மறுத்துவிடுங்கள், ஊரில் அவரோடு பகையும் வேண்டாம்.

ஓர் அலுவலகத்திலும் சரியான பதில் கிடைக்காவிட்டால் சண்டைக்குப் போகாமல் தகவல் அறியும் உரிமையைப் பயன்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். “கடந்த வருடம் இந்தப் பிரதேசத்தில் போதைப்பொருள் தடுப்புக்கும் பெண்கள், சிறுவர் பாதுகாப்புக்கும் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, எந்தக் கிராம அலுவலர் பிரிவுகளில்?” என்று தமிழிலேயே எழுதித் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். இதை மிரட்டலாகச் செய்யாதீர்கள். வருகிற பதிலில் எந்த மேசையில் எந்த வரி இருக்கிறது என்ற வரைபடமே கிடைத்துவிடும். உங்கள் ஊர்ப் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், அடுத்த கடிதத்தின் முதல் வாக்கியத்தை அதிலிருந்தே எழுதலாம்.

இப்போதைக்கு 15 லட்ச முன்மொழிவைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்த 20 குடும்பங்களின் சந்திப்பை மட்டும் இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். பிரதேச செயலாளருக்கு விலாசமிட்டு, உதவித் திட்டமிடல் பணிப்பாளருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் பிரதி போடுங்கள். தபாலில் அனுப்ப வேண்டாம். பொதுமக்கள் தினத்தில் இரண்டு பேராகப் போய் நேரில் கொடுங்கள். கையில் வைத்திருக்கும் பிரதியில் கிடைத்ததற்கான திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.